வீட்டிலே பிறந்த வானொலி



ஒருவர் தம் வீட்டில் அமர்ந்து பேசுகிறார். அந்தப் பேச்சை நூறு காதத்திற்கு அப்பாலுள்ள இன்னொரு வீட்டில், முன்பின் அறியாத ஒருவர் செவிமடுத்துக் கேட்கிறார். இன்று இது வியப்புக்குரிய செய்தியன்று. கைப்பேசியும் இணைய வசதியும் உடைய எவரும் தம் பேச்சைப் பதிந்து உலகெங்கும் அனுப்பலாம். பாட்காஸ்ட் என்றும், தமிழில் வலையொலி என்றும் இதனை வழங்குகிறார்கள். ஆயினும், வீட்டிலிருந்து ஒலிபரப்பும் ஆசை இணையத்தோடு பிறந்ததன்று. அதற்கு நம் நாட்டிலே நூறாண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் தமிழருக்கு முதன்மையான பங்கும் உண்டு. அதனை நினைவுகூர்ந்து, தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும் நம்போன்றோர்க்கு, சிறப்பாகக் கோலார் தங்கவயலின் பாலகாட் முதலிய பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழ் மக்களுக்கு, அதனால் விளையக்கூடிய பயன் யாது என்று ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

இந்தியாவில் அரசாங்கம் வானொலியைத் தொடங்கவில்லை, ஆர்வலர்களே தொடங்கினார்கள். சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் என்னும் பெருமகனார், நண்பர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, 1924ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள் சென்னை இராஜதானி ரேடியோ சங்கத்தை நிறுவினார். இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த உறுப்புகளை இணைத்து உருவாக்கிய 40 வாட் ஆற்றலுள்ள ஒரு சிறு கருவியே அவர்களுடைய முதல் மூலதனம். நம் வீட்டுக் கூடத்தில் எரியும் ஒரு பழைய குண்டு விளக்கின் ஆற்றல் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவுதான் அதன் ஆற்றல்! அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் ஒலிபரப்புத் தொடங்கியது. சென்னை மக்கள் சங்கீதத்தையும் சொற்பொழிவையும் காற்றின் வழியாகக் கேட்டார்கள். பின்னர் 200 வாட் கருவியும் வந்து சேர்ந்தது.

ஆனால், ஆர்வம் இருந்த அளவிற்குப் பணம் இருக்கவில்லை. கேட்போர் தரும் சிறு தொகையையும் உறுப்பினர் சந்தாவையும் கொண்டு நாள்தோறும் ஒலிபரப்பு நடத்துவது எளிதன்று. மூன்றாண்டுக் காலம் போராடிய பின்னர், 1927ஆம் ஆண்டில் சங்கத்தின் ஒலிபரப்பு நின்றது. அவர்களுடைய கருவி சென்னை மாநகராட்சியிடம் சென்றது. மாநகராட்சி 1930ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று தன் சொந்த ஒலிபரப்பைத் தொடங்கிற்று. கடற்கரையிலும் பூங்காவிலும் ஒலிபெருக்கிகளை அமைத்து, ரேடியோப் பெட்டி வாங்க இயலாத ஏழைகளும் மாலை வேளையில் இசை கேட்கும்படி செய்தது. 1938ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தோன்றும் வரையில் இத்தொண்டு நடைபெற்றது. ஆர்வலர் ஒருவர் விதைத்த விதை, நகரத்தின் சொத்தாகி, பிறகு நாட்டின் சொத்தாயிற்று.

இதே காலத்தில் இலங்கையிலும் இவ்வாறே நிகழ்ந்தது. கொழும்புத் தந்தி அலுவலகத்தின் பொறியாளராக இருந்த எட்வர்ட் ஹார்ப்பர், 1923ஆம் ஆண்டில் ஒரு சிறு அறையிலிருந்து கிராமபோன் இசையைச் சோதனையாக ஒலிபரப்பினார். 1925ஆம் ஆண்டு டிசம்பரில் அங்கே முறையான வானொலி நிலையம் எழுந்தது. பிற்காலத்தில் தமிழ்நாட்டு இல்லங்களில் எல்லாம் ஒலித்த இலங்கை வானொலியின் வேர் அச்சிறிய அறையிலே இருக்கிறது.

இனி, தங்கவயல் மக்கள் அந்நாளில் எந்தச் சமஸ்தானத்தின் குடிகளாக இருந்தார்களோ, அந்த மைசூருக்கு வருவோம். மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் உளநூற் பேராசிரியராக விளங்கிய டாக்டர் எம். வி. கோபாலசுவாமி, 1935ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் ‘விட்டல் விஹார்’ என்னும் தம் இல்லத்திலிருந்து ஒலிபரப்பைத் தொடங்கினார். அவருடைய கருவி 30 வாட் ஆற்றல் உடையது. கிருஷ்ணசாமி செட்டியாரின் முதற்கருவியினும் சிறியது. பேராசிரியரின் வீடே நிலையம். இந்த முயற்சியைப் பின்னர் நகரசபையும், அதன்பின் சமஸ்தான அரசாங்கமும் தாங்கி நின்றன. 1950ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று அது அகில இந்திய வானொலியோடு இணைந்தது. 1955ஆம் ஆண்டில் நிலையம் பெங்களூருக்கு மாறியது. அந்த மைசூர் நிலையத்திற்குச் சூட்டப்பெற்ற ‘ஆகாசவாணி’ என்னும் பெயரை 1950களில் நம் நாட்டு வானொலியே ஏற்றுக்கொண்டது. 2023ஆம் ஆண்டு முதல் ஆங்கில ஒலிபரப்பிலும் அப்பெயர் ஒன்றே வழங்குகிறது. ஒரு பேராசிரியரின் இல்லத்திலிருந்து புறப்பட்ட பெயர் இன்று ஒரு பெருநாட்டின் குரலுக்குப் பெயராக நிற்கிறது.

இவ்வளவு ஆர்வம் இருந்தும், வீட்டு வானொலிகள் ஏன் ஊர்தோறும் பெருகவில்லை? காரணங்கள் மூன்று. முதலாவது பொருட்செலவு, அதனை முன்னரே கண்டோம். இரண்டாவது சட்டம். 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமம் இன்றி அத்தகைய கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. ஒலிபரப்புவது இருக்கட்டும், கேட்பதற்கே உரிமம் வேண்டும். 1980களின் நடுப்பகுதி வரையில், வீட்டில் ரேடியோப் பெட்டி வைத்திருந்தவர்கள் ஆண்டுதோறும் அஞ்சலகத்திற்குச் சென்று லைசென்ஸ் கட்டணம் செலுத்தி முத்திரை பெற்றுவந்ததை முதியோர் பலர் மறந்திருக்க மாட்டார்கள். 1942ஆம் ஆண்டு ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தின் போது, பம்பாயில் உஷா மேத்தாவும் அவருடைய தோழர்களும் மறைவாகக் காங்கிரஸ் வானொலியை நடத்தினார்கள். வீடு மாற்றி வீடு சென்று, ஏறத்தாழ மூன்று திங்கள் அதனை நடத்தி, அதன் பயனாகச் சிறை புகுந்தார்கள். குரல் எவ்வளவு வலிமை உடையது என்பதை அன்றைய ஆட்சியினர் நன்கு அறிந்திருந்தனர் என்பதற்கு அச்சிறைவாசமே சான்று.

மூன்றாவது காரணம், நம் நோக்கத்திற்கு மிகவும் இன்றியமையாதது. அந்நாளைய ஒலிபரப்பு பெரும்பாலும் நேரே பேசப்பட்டது. ஒலியைப் பதிந்து சேமித்து வைப்பது செலவு மிகுந்த, அரிய செயல். பேசியவர் வாய் மூடியதும் பேச்சும் மறைந்தது. அந்த நேரத்தில் பெட்டியின் முன் இருந்தவர் கேட்டார், இல்லாதவர் இழந்தார். கிருஷ்ணசாமி செட்டியாரின் சங்கம் மாலைதோறும் காற்றில் விட்ட இசையை நாம் இன்று கேட்க விரும்பினால், எங்கே போய்க் கேட்பது?

இந்தக் கேள்வியோடு கோலார் தங்கவயலை நோக்குவோம். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கத் தொழிலில் இறங்கினர். மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க், பாலகாட் என்று சுரங்கங்கள் பெயர் பெற்றன. அப்பெயர்களே அவற்றைச் சூழ்ந்த குடியிருப்புகளுக்கும் ஆயின. வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்த மக்கள் ‘லைன்’ எனப்படும் வரிசை வீடுகளில் குடியேறினர். 1902ஆம் ஆண்டில் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 92 மைல் தொலைவிற்குக் கம்பி இழுத்து, தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். இந்தியாவின் பெருநகரங்கள் பலவும் விளக்கு காணாத காலத்தில் சுரங்கத்தில் மின்சாரம் பாய்ந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அவ்வாழத்தில் பாறை தானே வெடித்துச் சிதறும் அபாயத்தினிடையே தமிழ்த் தொழிலாளர் பொன் எடுத்தனர். 1956ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மைசூர் அரசாங்கத்தின் உடைமையாயின. 1962இல் மத்திய அரசு ஏற்றது. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்னும் நிறுவனம் உருவாயிற்று. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளின் உழைப்பு அன்றோடு ஓய்ந்தது.

அம்மக்கள் தங்கள் கருத்தை வெளியிடத் தாமே வழி தேடிக்கொண்டவர்கள் என்பதற்கும் வரலாற்றில் சான்று உண்டு. அயோத்திதாச பண்டிதர் 1907ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழ் அவர் மறைவிற்குப் பின்னர் நலிந்தது. அதனை 1926ஆம் ஆண்டில் கோலார் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் மீண்டும் வெளிக்கொணர்ந்தார். சாம்பியன் ரீஃபில் இருந்த சித்தார்த்த புத்தகசாலை தமிழ் நூல்கள் பலவற்றை அச்சிட்டது. தாய்மொழி வழங்கும் மாநிலத்திற்கு வெளியே, சுரங்கத் தொழிலாளரின் ஊரிலே, தமிழ் அச்சகமும் தமிழ் இதழும் தழைத்தன என்றால், அது எளிய செய்தியன்று. யாரேனும் தமக்காகப் பேசுவார்கள் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

ஆனால், எழுத்துக்கு ஒரு வரம்பு இருக்கிறது; வெளி மாநிலத் தமிழராகிய நாம் அதனை நன்கு அறிவோம். நம் பிள்ளைகள் பள்ளியில் கன்னடமோ, இந்தியோ, மராத்தியோ, ஆங்கிலமோ பயில்கின்றனர். வீட்டிலே தமிழ் பேசுகின்றனர். பாட்டி சொல்லும் கதை புரிகிறது. சினிமாப் பாட்டுப் புரிகிறது. ஆயின், ஒரு தமிழ்ப் புத்தகத்தை அவர்கள் கையில் கொடுத்தால் எழுத்துக்கூட்டத் திணறுகின்றனர். மொழிபெயர்ப்பு அலுவலில் பல்லாண்டுகளாக ஈடுபட்டு, ஊர் ஊராக மாற்றலாகிச் சென்ற எனக்கு, இக்காட்சி தில்லியிலும் பம்பாயிலும் பெங்களூரிலும் ஒன்றாகவே தோன்றிற்று. தமிழை வாசிக்க அறியாத, ஆனால் தமிழைக் கேட்டு உணரக்கூடிய ஒரு தலைமுறை நம்மிடையே வளர்ந்துவிட்டது. அத்தலைமுறைக்கு அப்பாதுரையாரின் அச்சகம் எட்டாது. குரல் ஒன்றுதான் எட்டும்.

அந்தக் குரலைத் தம் ஊரிலே தாமே எழுப்பியவர்களைத் தங்கவயலுக்கு அண்மையிலேயே காணலாம். கோலார் மாவட்டத்தில், பங்காருப்பேட்டைப் பகுதியில், ஹைதர் அலி பிறந்த ஊர் என்று சொல்லப்படும் பூதிக்கோட்டை என்னும் கிராமம் இருக்கிறது. அவ்வூர் மக்கள், தொண்டு நிறுவனங்களின் துணையோடும் யுனெஸ்கோவின் உதவியோடும், ‘நம்ம த்வனி’ என்னும் ஒலி நிலையத்தை அமைத்தனர். காற்றலையில் ஒலிபரப்ப அவர்களுக்கு அப்போது உரிமம் கிடைக்கவில்லை. காற்றலைகள் பொதுச் சொத்து என்று உச்சநீதிமன்றம் 1995ஆம் ஆண்டு பிப்ரவரியில் தீர்ப்பளித்திருந்தது உண்மைதான். ஆனால், சமுதாய வானொலிக்கான கதவு முதலில் கல்வி நிறுவனங்களுக்கே திறந்தது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 2004ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளில் தொடங்கியதும் அவ்வழியிலேதான். தொண்டு நிறுவனங்களுக்கு 2006ஆம் ஆண்டிலேதான் அனுமதி கிட்டிற்று. அதுவரை பூதிக்கோட்டை மக்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. ஒலிநாடாவில் பதிந்து மகளிர் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். 2003ஆம் ஆண்டில், தொலைக்காட்சிக்காக ஊரில் ஓடிய கேபிள் கம்பியின் வழியாகவே தங்கள் ஒலியை வீடுகளுக்குச் செலுத்தினார்கள். காற்று மறுக்கப்பட்டபோது கம்பியைப் பிடித்துக்கொண்ட அம்மக்களின் மதிநுட்பம் போற்றத்தக்கது.

பூதிக்கோட்டை மக்கள் கேபிளுக்காக முயன்றுகொண்டிருந்த அதே ஆண்டுகளில், இணையம் வேறோர் வழியைத் திறந்துகொண்டிருந்தது. மூன்று கருவிகள் ஒன்றுகூடி வலையொலியை உண்டாக்கின. முதலாவது, ஒலியைச் சுருக்கும் முறை. ஜெர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் நிறுவன அறிஞர்கள் உருவாக்கிய இம்முறைக்கு 1995ஆம் ஆண்டில் எம்.பி.3 என்னும் பெயர் வந்தது. இரண்டாவது, ஒலியை வெட்டி ஒட்டும் மென்பொருள். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மஸோனியும் ராஜர் டேனன்பெர்க்கும் உருவாக்கிய ‘ஆடாசிட்டி’ 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்தது. அதனை எவரும் விலையின்றிப் பெறலாம். மூன்றாவது, ‘ஆர்.எஸ்.எஸ்.’ என்னும் ஓடைமுறை. டேவ் வைனர் என்பார் 2000ஆம் ஆண்டு இறுதியில், அந்த ஓடையில் ஒலிக் கோப்பின் முகவரியையும் சேர்த்து அனுப்ப வழிசெய்தார்.

இந்த ஓடை என்பது யாது? நாம் ஒரு வாரப் பத்திரிகைக்குச் சந்தா கட்டினால், அது வெளிவந்ததும் அஞ்சற்காரர் வீட்டில் கொண்டுவந்து போடுகிறார்; கடைக்குச் சென்று கேட்க வேண்டுவதில்லை. அவ்வாறே, வலையொலி நடத்துபவர் இணையத்தில் ஒரு சிறு பட்டியலை வைக்கிறார். இன்ன தலைப்பு, இன்ன நாள், ஒலிக் கோப்பு இன்ன இடத்தில் இருக்கிறது என்று அப்பட்டியல் கூறும். கேட்போரின் கைப்பேசி அவ்வப்போது அதனைப் பார்த்து, புதிய பேச்சு வந்திருந்தால் தானே எடுத்துக்கொள்ளும். 2004ஆம் ஆண்டு பிப்ரவரியில் பென் ஹாமர்ஸ்லி என்னும் பத்திரிகையாளர் ‘கார்டியன்’ நாளிதழில் எழுதிய கட்டுரையில் ‘பாட்காஸ்டிங்’ என்னும் சொல் தோன்றிற்று. 2005ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஆப்பிள் கம்பெனி தன் மென்பொருளில் வலையொலிக்கு இடம் அளித்தது. இரண்டே நாளில் பத்து லட்சம் சந்தாக்கள் சேர்ந்தன.

முன்னர்க் கண்ட மூன்று தடைகளையும் இங்கே ஒப்புநோக்குக. கருவிக்குப் பெருஞ்செலவு இல்லை. கம்பியில்லாத் தந்திச் சட்டத்தின்படி உரிமம் பெற வேண்டுவதில்லை. காற்றலையை நாம் பயன்படுத்தவில்லை அன்றோ? பேசிய பேச்சு மறைவதும் இல்லை. வேண்டியவர் வேண்டியபோது கேட்கலாம்.

செய்முறையையும் சுருக்கமாகக் கூறுகிறேன். கைப்பேசியிலேயே பதியலாம். பேசுபவரின் வாய்க்கு ஒரு சாண் தொலைவில், சற்றே பக்கவாட்டில் அதனை வைத்தல் வேண்டும். வெறுஞ்சுவர் அறை எதிரொலிக்கும். மெத்தையும் போர்வையும் துணி அலமாரியும் உள்ள அறையே நல்ல ஒலிப்பதிவுக்கூடம். மின்விசிறியை நிறுத்திவிடுக. பேச்சுத் தொடங்கும் முன்னர்ப் பத்து வினாடி மௌனத்தைப் பதிந்துகொள்க. அந்த மௌனத்திலே அறையின் இரைச்சல் அடங்கியிருக்கும். ஆடாசிட்டியில் அப்பகுதியைக் காட்டி, ‘இதுவே இரைச்சல்’ என்று அறிவித்தால், பேச்சு முழுவதிலிருந்தும் அது அவ்விரைச்சலைக் குறைத்துத் தரும். இருமலையும் தடுமாற்றத்தையும் வெட்டலாம். ஆயினும், முதியவர் ஒருவர் சொல்லைத் தேடித் தயங்கும் தயக்கத்தை வெட்டிவிடுதல் ஆகாது. அதுவும் பேச்சின் பகுதியே.

பிறகு எம்.பி.3ஆக மாற்றுக. சுருக்காத ஒலி அரைமணிப் பேச்சுக்கு ஏறத்தாழ 160 மெகாபைட் இடம் கொள்ளும். வினாடிக்கு 64 கிலோபிட் என்ற அளவில் சுருக்கினால் 15 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். மனிதக் குரலுக்கு அந்த அளவு போதும். அதனை வலையொலிக்கு இடம் அளிக்கும் ஏதேனும் ஒரு சேவையில் ஏற்றித் தலைப்பும் விவரமும் எழுதினால், ஓடைப் பட்டியலை அச்சேவையே ஆக்கிக்கொடுக்கும். இலவசமாக இடம் தரும் சேவைகளும் உண்டு.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் கூறவேண்டும். ஒன்று: இலவசமாக இடம் தருபவர் நாளை கடையை மூடலாம், விதியை மாற்றலாம். ஆகவே, சுருக்காத மூலப்பதிவை வீட்டில் ஒரு படியும், உறவினர் வீட்டில் ஒரு படியும் வைத்திருத்தல் வேண்டும். யார் பேசினார், எந்த நாள், எந்த ஊர் என்பதை ஒரு தாளில் எழுதி அதனோடு சேர்த்து வைக்க. பெயரும் நாளும் இல்லாத ஒலிப்பதிவு, முகவரி இல்லாத கடிதம் போன்றது. மற்றொன்று: பேசுபவரின் இசைவைக் கேட்டுப் பெறவேண்டும். தம் பேச்சு ஊரறியப் போகிறது என்று அவர் உணர்ந்திருக்க வேண்டும். பிறருடைய பாட்டையோ சினிமா இசையையோ அனுமதியின்றிச் சேர்த்தலும் முறையன்று. இணையத்தில் ஒலிபரப்பு உரிமம் வேண்டாம் என்பதனால் பதிப்புரிமைச் சட்டம் இல்லையென்று ஆகிவிடாது.

சரி, எதைப் பேசுவது? தங்கவயலைப் பொறுத்தமட்டில் இக்கேள்விக்கு விடை கண்முன்னே இருக்கிறது. 2001ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்ட அன்று இருபத்தைந்து வயதாயிருந்த ஒரு தொழிலாளிக்கு இன்று ஐம்பது கடந்துவிட்டது. அன்று ஐம்பது கடந்திருந்தவர்கள் முதுமையின் எல்லையில் நிற்கின்றனர். கூண்டில் இறங்கிப் பாறையின் வெப்பத்தில் வேலை செய்தவர் இவர்களே. வெடிப்பின் ஓசை கேட்டதும் லைன் வீட்டு வாசலில் வந்து நின்ற மனைவியரும் தாய்மாரும் இவர்களிடையே உள்ளனர். எந்தச் சங்கொலிக்கு எந்த முறை தொடங்கும், எந்த ஆழத்தில் காற்று எப்படி மணக்கும், கல்லில் பொன் இருப்பதைக் கண் எவ்வாறு அறியும் என்பவற்றையெல்லாம் கம்பெனியின் கணக்குப் புத்தகம் எழுதி வைக்கவில்லை. எவ்வளவு பொன் எடுக்கப்பட்டது என்று மட்டுமே அது எழுதியிருக்கும். எடுத்தவர்களின் சொற்கள் அவர்களோடு இருக்கின்றன. பதியாவிடின் அவர்களோடு சென்றுவிடும்.

அச்சொற்களும் தனித்தன்மை உடையன. வட ஆர்க்காட்டுத் தமிழில் தெலுங்கும் கன்னடமும் கலந்து, சுரங்கத்து ஆங்கிலமும் சேர்ந்து, தங்கவயலில் ஒரு பேச்சு உருவாகியிருக்கிறது. இதனைத் ‘திருத்தமற்ற தமிழ்’ என்று ஒதுக்கி, பதிவுக்கென்று மேடைத் தமிழில் பேசச் சொல்வோமாயின், நாம் காக்க வந்த பொருளையே இழந்துவிடுவோம். என் போன்றோர் அரசாங்கக் காகிதங்களுக்குச் செந்தமிழ்ச் சொல் தேடுவது எங்கள் கடமை. ஒரு சுரங்கத் தொழிலாளி தம் வாழ்வைக் கூறும்போது அவருடைய சொல்லே மூலம். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை.

பாலகாட்டிலோ மாரிக்குப்பத்திலோ, கல்லூரியில் பயிலும் பெண் ஒருத்தி தன் பாட்டனாரை அமரச்செய்து அரைமணி நேரம் பேசச்சொல்லிப் பதிவாளாயின், பெங்களூருக்கு நாள்தோறும் ரயிலேறி வேலைக்குச் செல்லும் அவ்வூர் இளைஞர்கள் அதனை வழியிலேயே கேட்கலாம். பிழைப்பைத் தேடிப் பம்பாய்க்கும் வளைகுடாவுக்கும் சென்றவர்கள் கேட்கலாம். தமிழ் எழுத்தறியாத அவர்களுடைய பிள்ளைகளும் கேட்கலாம். இதற்கு நூற்றுக்கணக்கானவர்கள் கேட்டாக வேண்டும் என்பதில்லை. சென்னைச் சங்கத்தின் 40 வாட் ஒலியை முதல்நாளில் எத்தனை பேர் கேட்டிருப்பர்? மிகச் சிலரே ஆவர். ஆயினும் அவர்கள் தொடங்கினார்கள்.

கிருஷ்ணசாமி செட்டியாருக்கும் கோபாலசுவாமிக்கும் இல்லாத வசதிகள் எல்லாம் இன்று நம் சட்டைப்பையில் இருக்கின்றன. அவர்களிடம் இருந்து நம்மிடம் குறைந்திருப்பது, இன்றே தொடங்கவேண்டும் என்ற முனைப்பு ஒன்றுதான். தங்கவயலின் முதியோர் நமக்காக நெடுநாள் காத்திருக்க இயலாது. வருகின்ற ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் உள்ள மூத்தவரிடம், “நீங்கள் முதன்முதலாக வேலைக்குப் போன நாளைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். கேட்பதற்கு முன்னர்க் கைப்பேசியின் ஒலிப்பதிவைத் தொடங்கிவிடுங்கள்.